மாப்பிள்ளை கொடுத்த ஒரு பக்கம்

“திருடிட்டாருன்னு நான் எங்கக்கா சொன்னேன்? அப்படிச் சொல்லிக்கிறாங்கன்னு தானே சொன்னேன்” என்கிறாள் தையல்காரி.

சொல்லிக்கொள்கிறவர்கள் யார் என்று கேட்டேன். காற்றா? இல்லை, மாடிப்படிக்கு வாய் முளைத்துவிட்டதா? எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருப்பது அவளுடைய கடை. துணி தைக்க வருகிறவள் ஒவ்வொருத்தியும் ஆளுக்கொரு நூல் கொடுத்துவிட்டுப் போகிறாள். இவள் அத்தனையையும் சேர்த்து ஒரு சட்டை தைத்து எங்கள் மாப்பிள்ளைக்கு மாட்டிவிடுகிறாள். அளவுகூட எடுப்பதில்லை.

“பின்ன என்னக்கா? நல்ல வேலையில இருந்த மனுஷன். ஒரு நாள் பட்டப்பகல்ல வீட்டுக்கு வந்தாரு. அதோட சரி, திரும்பப் போகல. காசுல கைய வெச்சா தானே அப்படி அனுப்புவாங்க?”

“யாரும் அனுப்பல. அவரா வந்தாரு.”

“வீட்டோட மாப்பிள்ளையா இருக்கறவரு கைல இருந்த வேலையையும் அவரா விட்டாருன்னா யாருக்கா நம்புவா?”

இதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் வீட்டோடு மாப்பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் போன மறுவருஷம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டேன். நான்கு அறை வீடு கட்டி வைத்திருக்கிற என் மகன், “ஒரு ஆளை வெச்சுக்கோம்மா” என்று போனில் சொன்னான். மாப்பிள்ளைதான் மகளைக் கூட்டிக்கொண்டு, கட்டிலையும் பெட்டியையும் தன் தோளிலேயே சுமந்து மூன்று மாடி ஏறினார். “நீங்க அங்க தனியா, நாங்க இங்க தனியா, எதுக்கு அத்தை?” என்றார். அப்படி வந்தவரை வாய் கூசாமல் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் கேட்டுக்கொண்டு இருக்க நான் ஊமையா?

ஆனால் ஒன்று. அவர் தப்பே செய்யவில்லை என்று நான் சாதிக்க வரவில்லை. செய்தார். வெட்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார். எதற்காக வெட்கப்படுகிறார் என்பதைத் தெரிந்துகொண்டு பேசட்டும். ஊரான் மேல் பழி போட்டாலும் சரியான பழியாகப் போட வேண்டும் அல்லவா?

அவர் வேலையை விளக்குவது கொஞ்சம் கஷ்டம். எனக்கு எழுத்து தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் பிடித்துக்கொண்டது இவ்வளவுதான். கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவர்கள் சின்னச் சின்னக் கூட்டமாக வேலை செய்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு டீம் என்று பெயர். அந்த டீம்கள் எப்படி வேலை செய்தால் உருப்படும் என்று பக்கத்தில் இருந்து பழக்கிவிடுகிறவர் இவர். அஜைல் கோச் என்று சொல்கிறார்கள். மலை போன்ற வேலையை ஒரே மூச்சில் தூக்காமல் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம், அதுவரை முடிந்ததை உபயோகிக்கப் போகிறவரிடம் காட்ட வேண்டும். அவர் முகம் போகிற போக்கைப் பார்த்துத் திருத்த வேண்டும். அதன் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, எது நன்றாகப் போயிற்று, எது கெட்டது என்று தங்களுக்குள் மனம்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் மேலதிகாரிக்கு அந்த அறையில் இடம் கிடையாது.

இந்த வேலைக்கு அவர் சும்மா வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால், முதல் கம்பெனியில், அவரும் இன்னும் பலரும் சேர்ந்து இரண்டு வருஷம் ஒரு கிடங்குக்காரருக்குப் புரோகிராம் எழுதினார்களாம். இரண்டு வருஷமும் யாரும் அந்த மனிதரிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு. ஆனா நான் கேட்டது இது இல்லியே” என்றாராம். அத்தனையும் குப்பை. “அத்தை, செத்த குழந்தையைச் சுமந்த மாதிரி இருந்துச்சு” என்று ஒரு தடவை சொன்னார். ஆண்பிள்ளை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பிடித்த வெறிதான் இந்த வேலை.

வீட்டிலும் அதே வெறிதான். எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் மூன்று கட்டம் போட்டுக் கலர் காகிதம் ஒட்டி வைத்திருப்பார். முதல் கட்டம், செய்ய வேண்டியது. நடுவில், செய்துகொண்டிருப்பது. கடைசியில், முடிந்தது. எனக்காக ஒவ்வொன்றிலும் படம் போட்டிருப்பார். குழாய் ரிப்பேருக்குக் குழாய்ப் படம், கரண்ட் பில்லுக்குப் பல்பு. என் முழங்காலைக் காட்ட டாக்டரிடம் போக வேண்டும் என்று ஒரு கால் படம் போட்டு ஒட்டினார். அது நடுக் கட்டத்திலேயே இரண்டு வருஷம் கிடந்தது. “ஏங்க, இந்தக் கால் நகரவே மாட்டேங்குதே” என்பாள் மகள். “அதனால தானே டாக்டர்கிட்ட போகணும்” என்பார் அவர். நான்தான் போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அது வேறு கதை.

அவருடைய கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்கிற கம்பெனி. அதில் ஒரு டீம், ரத்தப் பரிசோதனை முடிவுகளை டாக்டருக்கும் நோயாளிக்கும் அனுப்புகிற பகுதியைச் செய்தது. லேப் டீம். ஒருத்தர் முடிவு இன்னொருத்தருக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் அவர்கள் ஒரு வேலையை ஒன்றுக்கு இரண்டு தரம் சரிபார்த்துத்தான் வெளியே விடுவார்கள். அதற்குத் தலைவியாக ஐம்பதை நெருங்குகிற ஒரு அம்மா. எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுவார்கள்.

மாப்பிள்ளை முதல் நாள் போனபோது அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றதாம். “இதுக்கு முன்னாடி வந்தவரு எங்களை வட்டமா நிக்க வெச்சு பந்து தூக்கிப் போட்டு விளையாடச் சொன்னாரு. நீங்க என்ன கொண்டு வந்திருக்கீங்க? கோலியா?”

“நான் ஒரு நர்ஸைக் கூட்டிட்டு வரேன். நீங்க செஞ்சு வெச்சிருக்கறதை அவங்க கையில குடுப்போம். அவ்வளவுதான்” என்றாராம் இவர்.

நர்ஸ் வந்தாள். வந்தவள் கையுறையோடு அவர்கள் புரோகிராம் ஓடுகிற ஃபோனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, “இந்தப் பொத்தான் அமுங்கணும்னா நான் கையுறையைக் கழட்டணும். கழட்டினா மறுபடி கை கழுவணும். ஏற்கெனவே கழுவிக் கழுவித் தோல் உரியுது, பாருங்க” என்று கையை விரித்துக் காட்டினாளாம். ஒரு வருஷமாக அந்தப் பொத்தானைச் செய்த பிள்ளைகள் எழுந்து கிட்டே வந்து அந்தக் கையைப் பார்த்தார்களாம். அடுத்த தடவை அவள் வந்தபோது பொத்தான் பெரிதாகி, கையுறையோடு அமுங்கியது. அவள் சிரித்தாளாம். பெரியக்கா தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்து, “இந்த ஆளை விட்டுடாதீங்கடா” என்றதாம்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை ஒரு வாரம் வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தார்.

அந்தச் சமயத்தில்தான் என் சமையலறையில் இரண்டு டம்ளர் காணாமல் போயிற்று. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. வேலைக்காரி மேல் சந்தேகப்பட்டு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். பார்த்தால் மாப்பிள்ளை ஆபீசுக்கு எடுத்துப் போயிருக்கிறார். எதற்கு என்றால், டீம்கள் தங்கள் வேலைக்கு ஒரு அளவு போட்டுக்கொள்வார்களாம். இந்த வேலை மூன்று பாயிண்ட், அந்த வேலை ஐந்து பாயிண்ட் என்று. அதை விளக்க இவர் இரண்டு டம்ளரையும் மேசை மேல் வைத்திருக்கிறார்.

“எங்க அத்தை இந்தச் சின்ன டம்ளரால அஞ்சு போடுவாங்க. பக்கத்து வீட்ல பெரிய டம்ளரால மூணு போடுவாங்க. ரெண்டு வீட்லயும் அரிசி ஒண்ணுதான். அஞ்சு போடற வீட்ல அதிகமா சாப்பிடறாங்கன்னு சொல்ல முடியுமா? பாயிண்ட்டும் அப்படித்தான். உங்க டம்ளர் உங்களுக்கு. அடுத்த ரெண்டு வாரத்துக்கு எவ்வளவு உலை வைக்கலாம்னு நீங்க தெரிஞ்சுக்க மட்டும் தான் அது. இதை வேற டீமோட சேர்த்து வெச்சுப் பார்க்கக் கூடாது. பார்க்க நான் விடமாட்டேன். இது என் வாக்கு.”

லேப் டீம் அதை நம்பிற்று. மூன்று என்றால் மூன்று, ஐந்து என்றால் ஐந்து. கூட்டாமல் குறைக்காமல் போட்டார்கள்.

இப்போது என் மகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொந்தப் பிள்ளை என்றாலும் வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் குடும்பத்தோடு சாப்பிட வந்தான். சாப்பாட்டு நடுவில், மகளைப் பார்த்து, “உனக்கு மருந்துக் கடையில பொறுப்பு ஏத்திக் குடுத்திருக்காங்களாமே, பரவால்ல. மச்சான் எப்படி? இன்னும் சுவத்துல காகிதம் தான் ஒட்டறாரா?” என்றான். அவன் பெண்டாட்டி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“காகிதம் ஒட்டறது லேசுன்னு நினைச்சீங்களா? பசை காயறதுக்குள்ள ஒட்டணும் மச்சான்” என்று மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்தார். காது மட்டும் சிவந்துபோயிருந்தது. மகள் கரண்டியைத் தட்டில் டங்கென்று வைத்தாள். அன்றைக்கு அவர் இரண்டாவது தரம் சோறு வாங்கவில்லை.

அதன் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் அவருடைய கம்பெனிக்குப் புதிதாக ஒரு டைரக்டர் வந்தார். வந்த புதிதில் மீட்டிங்கில் மேசையைக் குத்திக் கத்துகிற மனிதர். மாப்பிள்ளை அவரையும் பழக்கிவிட்டார். “ஒரே ஒரு மீட்டிங், சார். அரை மணி நேரம் வாயைத் திறக்காம உட்கார்ந்து பாருங்க. திறந்தீங்கன்னா எல்லாருக்கும் காபி உங்க செலவு” என்று பந்தயம் கட்டி உட்கார வைத்தாராம். முதல் இரண்டு தரமும் எல்லோருக்கும் காபி கிடைத்தது. மூன்றாவது தரம் அந்த மனிதர் நிஜமாகவே காது கொடுத்துக் கேட்டார். அதில் ஒரு பையன் பயப்படாமல் ஒரு பெரிய பிழையை எடுத்துச் சொல்ல, கம்பெனி ஒரு கெட்ட பேரிலிருந்து தப்பியது. டைரக்டர் இவர் தோளில் கை போட்டு, “நீங்கதான் என் வலது கை” என்றார்.

வலது கை என்று யாராவது சொன்னால் மனுஷனுக்குத் தலை கொஞ்சம் கிறுகிறுக்கத்தான் செய்யும்.

ஒரு நாள் அந்த டைரக்டர் இவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். எல்லா டீமுக்கும் சேர்த்து ஒரு பதவி உண்டாக்கப் போவதாகவும், அது இவருக்குத்தான் என்றும், தனி அறை, கீழே நான்கு கோச்சுகள் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, “அதுக்கு முன்னாடி எனக்கு ஒரே ஒரு பக்கம் வேணும். எந்த டீம் ரெண்டு வாரத்துல எத்தனை பாயிண்ட் முடிக்குதுன்னு, பக்கத்துல பக்கத்துல” என்றார்.

“அது அப்படிச் சேர்த்துப் பார்க்கற கணக்கு இல்ல, சார்.”

“எனக்குத் தெரியாதா? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. என் கண்ணுக்கு மட்டும்தான்.”

இவர் ஒரு தடவைதான் மறுத்தார். அதுவும் தொண்டைக்குள்ளேயே. இதை அவரே பிற்பாடு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளிடமும் என்னிடமும் உட்கார்ந்து சொன்னார். “அந்த நேரத்துல எனக்கு மச்சான் முகம்தான் ஞாபகம் வந்துச்சு. தனி ரூம்னு சொன்னா அந்த மூஞ்சி எப்படி மாறும்னு யோசிச்சுக்கிட்டே அந்தப் பக்கத்தைப் போட்டேன்” என்றார். இதை என் மகனிடம் நான் எப்படிச் சொல்ல? அவனுக்கு இன்றுவரை இது தெரியாது.

பக்கத்தைக் கொடுத்த அன்று சாயந்திரம் கை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். பதவி வந்த சேதியை மகனுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். “அப்ப இனிமே காகிதம் ஒட்ட ஆள் வெச்சுக்குவாரு” என்றான். எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த வாரமே அந்தப் பக்கம் ஆபீசில் காபி மிஷினுக்கு மேலே இருக்கிற டிவியில் ஏறிவிட்டது. டைரக்டர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லையாம். போட்டி இருந்தால் சுறுசுறுப்பு வரும் என்று யாரோ அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். நிறைய முடிக்கிற டீமுக்குப் பச்சைக் கோடு, குறைச்சலாக முடிக்கிற டீமுக்குச் சிவப்பு. காபி குடிக்கப் போகிறவன் எல்லாம் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு குடித்தான்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. மற்ற டீம்களில் மூன்று பாயிண்ட் வேலை ஐந்து ஆயிற்று. ஐந்து எட்டாயிற்று. அதே ஆட்கள், அதே நாற்காலி, அதே வேலை. ஆனால் டிவியில் பார்த்தால் எல்லோருக்கும் பத்து யானை பலம். ஒரு டீம், ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தியதற்கு ஐந்து பாயிண்ட் போட்டுக்கொண்டது. லேப் டீம் மட்டும் மூன்றுக்கு மூன்றுதான் போட்டது. அவர்கள் கோடு நாளுக்கு நாள் கீழே போய்ச் சிவப்பாக நின்றது.

மாப்பிள்ளை தினமும் அந்த டிவியைத் தாண்டித்தான் போக வேண்டும். போனார். பார்க்காத மாதிரி போனார்.

இரண்டு வாரம் முடிந்து லேப் டீம் கதவைச் சாத்திக்கொண்டு பேச உட்கார்ந்தது. நடத்தி வைக்கப் போனவர் இவர். வழக்கம்போல ஆளுக்கொரு மஞ்சள் காகிதம் கொடுத்து, இந்தத் தடவை எது கெட்டதாகப் பட்டதோ அதை எழுதுங்கள் என்றார். எல்லோரும் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருத்தராக எழுந்து வந்து சுவரில் ஒட்டினார்கள். இவர் கிட்டே போய்ப் பார்த்தால், எல்லாம் வெறும் காகிதம். ஒன்றில்கூட ஒரு எழுத்து இல்லை.

அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். “நான்தான் கொடுத்தேன்” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இவர் என்ன செய்தார் தெரியுமா? “சரி, குறையே இல்லாத டீம். மீட்டிங்கைச் சீக்கிரம் முடிச்சுட்டோம்” என்று ஒரு சிரிப்புச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. நாற்காலிகளை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள். பெரியக்கா மட்டும் கடைசியாக நின்று, “சார், எங்களாலயும் மூணை எட்டுன்னு போட முடியும். எங்களுக்கும் எண்ணத் தெரியும். நீங்க வாக்குக் குடுத்தீங்கன்னு தான் போடல” என்றது. கத்தவில்லை. பிள்ளைக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிற குரலில் சொல்லிவிட்டுப் போயிற்று.

அவர் அந்த வெற்றுக் காகிதங்களை ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். குப்பைக் கூடையில் போட்டால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயமாம். சட்டையைத் துவைக்கப் போட்ட மகள், “என்னங்க இது, வெறும் காகிதத்தைப் பத்திரமா மடிச்சு வெச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். அதற்கும் ஒரு பொய் சொன்னார்.

வெட்கம் என்பது ஒரு தடவை வந்துவிட்டுப் போகிற விருந்தாளி இல்லை. இன்னும் இருந்தது. மாதக் கடைசியில் டைரக்டர் எல்லோரையும் பெரிய ஹாலில் கூட்டினார். லேப் டீமைக் கலைத்து, அதில் இருக்கிறவர்களை வேகமாக வேலை செய்கிற டீம்களுக்குப் பிரித்துக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். பெரியக்கா, தன்னிடம் வேலை பழகிய ஒரு பையனுக்குக் கீழே போக வேண்டும். எல்லாம் வெளிப்படையான கணக்கை வைத்து எடுத்த முடிவு என்றார். “அந்தக் கணக்கைப் போட்டுக் குடுத்தவருக்கு ஒரு கைதட்டல்” என்று இவரைக் கை காட்டினார்.

ஹால் முழுக்கக் கை தட்டியது. இவர் எழுந்து நின்றார். தலை குனிந்து கும்பிட்டார்.

“ஏன் எழுந்தீங்க?” என்று மகள் அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்.

“தெரியல. கை தட்டினா எழுந்து நிக்கற பழக்கம்.”

“பெரியக்கா தட்டினாங்களா?”

“தட்டினாங்க. என்னையே பார்த்துக்கிட்டுத் தட்டினாங்க.”

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவுக் காகிதங்களை எல்லாம் எடுத்துவிட்டார். காரணம் கேட்டால், கதவு அழுக்காகிறது என்றார். புதிதாகக் கிடைத்த தனி அறையைப் பார்க்க வரட்டுமா என்று என் மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். இவர் இன்று நாளை என்று தள்ளினார். என்னிடம் பேசும்போதுகூட என் முகத்தைப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் இருக்கிற சுவரோடு பேசினார். நானும் என் மகளும் என்னவோ வியாதி என்று நினைத்து, டாக்டரிடம் போகச் சொல்லி நச்சரித்தோம். அப்படி நச்சரித்ததில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வெளியே வந்தது.

கேட்டுவிட்டு என் மகள் ஒன்றும் சமாதானம் சொல்லவில்லை. “கை தட்டினவங்க முன்னாடியே சொல்லணும்” என்றாள். “தனியா போய் டைரக்டர் காதுல சொல்லாதீங்க. அது மறுபடியும் தொண்டைக்குள்ளயே போயிடும்.”

சொன்னார். அடுத்த பெரிய கூட்டத்தில், மேலிடத்து ஆட்களும் உட்கார்ந்திருக்கையில், எழுந்து போய் நின்று, “டிவியில ஓடற அந்தப் பக்கத்துக்கு அர்த்தமே கிடையாது. ஒவ்வொரு டீமோட அளவும் வேற வேற. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சே குடுத்தேன். வேற டீமோட சேர்த்து வெச்சுப் பார்க்க விடமாட்டேன்னு லேப் டீமுக்கு வாக்குக் குடுத்துட்டு, ஒரு பதவிக்காகக் குடுத்தேன்” என்றார். தாங்களும் மூன்றை எட்டாக்கினவர்கள்தானே, எல்லோரும் தங்கள் காலையே பார்த்தார்களாம்.

சினிமாவாக இருந்தால் லேப் டீம் திரும்பி வந்திருக்கும். வரவில்லை. டைரக்டர் டிவியை அணைக்கச் சொன்னார், அதோடு சரி. அறைக்குக் கூப்பிட்டு, திட்டாமல், “போன மாசம் இதைச் சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன். இப்ப ஆர்டர் மேல போயிடுச்சு. ஆளுங்க மாறிப் போயிட்டாங்க. ஏன் இவ்வளவு லேட்டு?” என்று கேட்டார். “இருங்க, கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க” என்றும் சொன்னார். வேலை போகவில்லை. பதவிகூடப் போகவில்லை. தையல்காரிக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் நம்பமாட்டேன் என்கிறாள்.

ஆனால் அதற்கு அப்புறம் இவர் எந்த டீமோடு உட்கார்ந்தாலும், காகிதத்தில் “எல்லாம் நல்லா இருக்கு” என்றே எழுதி வந்தார்கள். எல்லா டீமும். எல்லாத் தடவையும். இவர் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது. வெளியே வந்தால் கதவுக்குப் பின்னால் மறுபடி ஆரம்பித்தது.

“தப்பை ஒத்துக்கிட்டீங்க இல்ல? அப்புறம் எதுக்கு வேலையை விடணும்? இருந்து சரி பண்ணுங்க” என்று மகள் சண்டை போட்டாள்.

“டாக்டர்கிட்ட நோயாளி எல்லாரும் ‘நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்’னு மட்டும் சொன்னா அந்த டாக்டரை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? நான் அங்க இருக்கற வரைக்கும் யாரும் வாய் திறக்கமாட்டாங்க. நான் போனா, வேற ஒருத்தர்கிட்டயாவது திறப்பாங்க” என்றார்.

அவள் கோபம் மட்டும் தீரவில்லை. இரண்டு நாள் குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது.

கடைசி நாளன்று எனக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. பல் டாக்டர் இருப்பது அந்த ஆபீசுக்கு எதிர்ப்பக்கம். முடிந்ததும் ஆபீசு வாசல் ஹாலில் வந்து உட்காரச் சொல்லியிருந்தார் மாப்பிள்ளை, கூட்டிக்கொண்டு போவதாக. பாதி வாய் மரத்து, கன்னத்தில் பஞ்சோடு நான் அங்கே ஒரு சோபாவில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிச் சுவர், உள்ளே வரிசை வரிசையாக மேசைகள் தெரிந்தன. மாப்பிள்ளை ஒவ்வொரு மேசையாகப் போய்க்கொண்டிருந்தார். லேப் டீமில் இருந்தவர்கள் இப்போது மூலைக்கு ஒருத்தராக இருக்கிறார்களே, அவர்களிடம் ஆளாளுக்குத் தனித்தனியாக. நின்று ஏதோ சொல்கிறார், தலையை ஆட்டுகிறார், அடுத்த மேசைக்குப் போகிறார். ஒரு பையன் எழுந்து கை கொடுத்தான். ஒருத்தி அழுதாள் போலிருக்கிறது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இன்னொருத்தன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றவே இல்லை. திரையைப் பார்த்தபடியே இருந்தான். அவன் பக்கத்தில் மாப்பிள்ளை நின்ற நேரம் இருக்கிறதே, எனக்கு எழுந்து போய் அவன் காதிலிருந்து அதைப் பிடுங்கிவிடலாமா என்று வந்தது. கடைசியில் இவர் அவன் மேசை மேல் ஒரு விரலை வைத்துவிட்டு நகர்ந்தார்.

பெரியக்கா ஜன்னலோரம் இருந்தது. நான் பார்த்து அதுதான் என்று கண்டுகொண்டேன். கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றது. இவர் பேசினார். அது கேட்டது. பிறகு ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

என்ன சொன்னது என்று அவர் ஹாலுக்கு வந்தவுடன் கேட்டேன். வாய் மரத்திருந்ததால் எனக்கு வார்த்தை குழறியது. அவருக்குப் புரிந்தது.

“‘சரிங்க சார்’னு சொன்னாங்க, அத்தை.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

கழுத்தில் மாட்டுகிற அட்டையைக் காவலாளியிடம் கழற்றிக் கொடுத்தார். அட்டை இல்லாமல் தெருப் பக்கத்துக் கண்ணாடிக் கதவு திறக்காது போலிருக்கிறது. பழக்கதோஷத்தில் முன்னால் போய் நின்றார், அது அசையவில்லை. உள்ளே இருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, காவலாளி தன் அட்டையைத் தேடி எடுத்துத் தட்டுகிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் மூடின கதவுக்கு முன்னால் நின்றோம். அவருக்குக் காது மறுபடி சிவந்தது. கதவு திறந்தது. முதலில் என்னைப் போகச் சொன்னார். நான் போகவில்லை. “நீங்க முன்னாடி போங்க, மாப்பிள்ளை” என்றேன். அவர் வெளியே வந்தார்.

தெருவில் நல்ல வெயில். சாப்பாட்டு நேரம்; அந்த ஆபீசு ஆட்கள் பாதிப் பேர் வெளியேதான் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அத்தை, இந்தப் பக்கம் சந்து வழியா போயிடலாமா? கூட்டம் இருக்காது” என்றார்.

“சந்துல கல்லும் முள்ளுமா இருக்கு. என் முழங்காலுக்கு ஆகாது” என்றேன்.

“சந்துல சிமெண்ட் போட்டிருக்காங்க அத்தை.”

“போட்டிருக்கட்டும். நான் ரோட்டு வழியா தான் வருவேன்.”

என் பிடிவாதம் அவருக்குத் தெரியும். என் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, தலை குனிந்தபடியே, அந்தக் கூட்டத்துக்கு நடுவில் எனக்கு வழி செய்துகொண்டு நடந்தார்.